துரிசு என்றால் என்னவென்று கேட்கவில்லை

மதுரையில் படித்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி, கேரள எல்லையிலுள்ள உதியன்குளங்கரைப் பக்கம் வாழ வந்து மூன்று வருடமாகிறது. இங்குள்ள பேச்சில் பாதி மலையாளம். புரியாததைக் கேட்டால், "மைனிக்கு இதும் அறியாதோ?" என்று நாத்தனார் சிரிப்பாள். அதனால் எதற்கும் தலையாட்டப் பழகியிருந்தேன்.

மழைக்கு முன் ஒரு காலையில் கணவர் சொன்னார்: "நல்லமிளகுக் கொடிக்கு அடிக்க துரிசு கலக்கி வச்சிருக்கேன், கேட்டியா? சுண்ணாம்பு வாங்கிட்டு இப்பம் வாறேன்."

ஏதோ உரம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு அடுப்பைக் கவனித்தேன்.

இரண்டு வயது மகன் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். பிளாஸ்டிக் வாளியில் நீலத் தண்ணீர், அவன் கையில் குவளை. வாந்தியும் நீலமாக இருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, மயில்துத்தம். இரும்பையே அரிக்கும், வாயில் படக்கூடாது என்று பள்ளி நோட்டில் எழுதியவள் நான். அதன் இந்த ஊர்ப் பெயர்தான் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நாத்தனார் சிரிக்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மைனி" என்று அழுதாள்.

பிள்ளை அன்று பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் தேறவில்லை. முகம் வீங்கிக்கொண்டே வருகிறது.

இப்போது புரியாத எந்தச் சொல்லையும் உடனே கேட்டுவிடுகிறேன். சென்ற வாரம் டாக்டர் என் முன்னாலேயே கணவரிடம் மலையாளத்தில் வேகமாக ஏதோ சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் மூன்று முறை கேட்டேன். இறங்கும் வரை அவர் வாய் திறக்கவில்லை.