வெள்ளைக்காரனின் லத்தி

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த பழனாத்தாளால், யாராவது அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தெருச்சண்டை என்றால் நடுவில் போய் நின்றுவிடுவார்.

2006 ஆகஸ்டில் கம்பெனி ஆட்களை வேனில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சுதந்திரப் போராட்ட நாடகம் நடந்தது. கொடி பிடித்து வந்தவரை வெள்ளைக்கார அதிகாரி லத்தியால் அடிக்க, பழனாத்தாள் விறுவிறுவென்று மேடையேறி லத்தியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இது நாடகமுங்க," என்று அதிகாரி மெல்லக் கெஞ்சினார்.

"தெரியுமுங்க. மொதல்ல அவரை உடுங்க."

கூட்டம் கைதட்டியது. அதிகாரி வேறு வழியில்லாமல் ஒதுங்க, அன்று சுதந்திரம் சற்று முன்னதாகவே கிடைத்தது. அடிவாங்கியவர் எழுந்து, கொடியைப் பழனாத்தாளையே ஏற்றச் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு அவரைத் தேடி வந்தார். பெயர் சிவராஜ், ஊர் நெருப்பெரிச்சல் பக்கமுள்ள குன்னத்தூர்.

"நம்மூருப் பையனா?" பழனாத்தாள் அவருக்குப் புளிச்சோறு அள்ளி வைத்தார். "அப்பறம் ஏங்கண்ணு வெள்ளக்காரன் பக்கம் போனே?"

"நாங் கொஞ்சம் செவப்புங்க்கா. அதுல மாட்டிக்கிட்டேன்," என்றார் சிவராஜ்.