ஒரே சந்தில் பதினோரு பேர்

மராட்டிய ஊரான ஆகுர்டியில் உள்ள ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள் வைஜயந்தி. வேலையில் சுத்தம் என்று பேர் வாங்கியவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நாலு வயதுப் பெண் குழந்தையின் ரத்தத்தில் காரீயம் ஐம்பத்திரண்டு என்று இயந்திரம் காட்டியது. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய சமாச்சாரம். ரத்தம் எடுத்த குழாயில் ஏதோ கலந்திருக்கும் என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். ஐம்பத்தொன்று.

ரிப்போர்ட் வாங்க வந்த தாய் ஜெனிபர், பக்கத்துத் தாபோடியில் குடியிருப்பவள்.

"பேசிட்டிருந்த புள்ள அக்கா, இப்ப வாயே தொறக்க மாட்டேங்குது. எங்க கல்லியில, அந்தச் சந்துக்குள்ளயே, இன்னும் ரெண்டு புள்ளைங்களுக்கு இப்படித்தான். இங்கதான் டெஸ்ட் எடுத்தாங்க."

அவள் போனதும் வைஜயந்தி முகவரியில் இருந்த அந்தச் சந்தின் பெயரைக் கணினியில் தட்டித் தேடினாள். பதினான்கு மாதங்களில் பதினோரு குழந்தைகள். எல்லாமே நாற்பதுக்கு மேல். தனித்தனித் தேதி, தனித்தனி டாக்டர். பதினொன்றிலும் அவள் கையெழுத்து. பதினொன்றையும் வயதோடு ஒரு தாளில் எழுதினாள்.

முதலாளி கிருஷ்ணஸ்வாமியிடம் பட்டியலைக் கொண்டுபோய், வெளியே தெரிவிக்க வேண்டும் என்றாள்.

"டாக்டர் கேட்டார், குடுத்தோம். அதோட நம்ம வேலை முடிஞ்சுது. பேஷண்ட் விவரம் வெளியில போனா வம்பும்மா."

"கார்ப்பரேஷன் சுகாதார அதிகாரிக்குத்தான் சார். பதினோரு டாக்டருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளைதான் தெரியும். நம்மகிட்டதான் எல்லாம் ஒண்ணா இருக்கு."

பட்டியலில் ஒரு குழந்தையின் வயதின் மேல் அவர் விரலை வைத்தார். "ஒன்றரை வயசா?" கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "என் பேர்லயே அனுப்பு. இன்னிக்கே," என்றார்.

மூன்றாம் நாள் சுகாதார அதிகாரி சுஷ்மா ஆட்களோடு அந்தச் சந்துக்குப் போனார். சந்தின் பின்புறம் கதவை மூடிய ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயத்தை உருக்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். ஜெனிபரின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காரீயம் மெல்ல இறங்கியது. பேச்சு திரும்புமா என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை.

மற்ற பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்க அங்கேயே முகாம் போட்டார்கள். வைஜயந்தியும் போனாள். பதினோரு பேரில் முதல் ரிப்போர்ட் காசிம் என்ற பையனுடையது. அவன் அம்மா அந்தக் காகிதத்தை நீட்டி இந்தியில் கேட்டாள்: "இது உன் கையெழுத்தா? போன வருஷமே உனக்குத் தெரியுமா?"

"என்னோடதுதான். நம்பரைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். அதுக்கு மேல யோசிக்கல."

அந்தப் பெண் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சின்னக் குழந்தையின் கையை ரத்தம் எடுக்க நீட்டினாள்.