பூதலிங்கத்தின் பெயரில் ஒரு தரை

என் தம்பி பூதலிங்கம் தரை போடுகிறவன். சிமெண்ட் தரையோ டைல்ஸோ அல்ல. கல்பொடியையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்தி, மேலே மரநிறம் கொடுத்த நீளப் பலகைகள். ஹைப்ரிட் பிளாங்க் என்பார்கள். ஒன்றின் ஓரத்தில் நாக்கும் மற்றதன் ஓரத்தில் பள்ளமும் இருக்கும். பொருத்தித் தட்டினால் பூட்டிக்கொள்ளும். ஆணி கிடையாது, பசை கிடையாது. திருவனந்தபுரத்தில் எழும்பும் புது ஃபிளாட்டுகளில் எட்டு வருடமாக அவனுக்கு இதுதான் வேலை. அவன் கை படாத பலகை கிடையாது. ஆனால் ஒரு தரைகூட அவன் பெயரில் கிடையாது. எல்லாம் வேலையைக் குத்தகை எடுக்கும் வேதமாணிக்கம் மேஸ்திரியின் பெயரில்தான்.

உடன்பிறந்தவள் என்பதால் சொல்லவில்லை, அவன் வேலையில் பிசகு இருக்காது. பலகைகளை இரண்டு நாள் அந்த அறையிலேயே கிடத்திப்போடுவான், அறையின் சூட்டுக்கு அவை பழக வேண்டும் என்று. அடித்தரையில் ஆறடி மட்டக்கோலை வைத்துப் பார்ப்பான். கீழே தீப்பெட்டி அட்டை நுழைந்தால்கூடத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத்தான் முதல் பலகையைத் தொடுவான். முப்பத்தொன்பது வயதில் முட்டி இரண்டும் காய்த்துக் கறுத்துவிட்டன. பேச்சுதான் குறைவு. வீட்டுக்காரர்களிடம் மேஸ்திரியே பேசிவிடுவதால் அவனுக்குப் பேச வேண்டிய தேவையும் வரவில்லை.

ஃபிளாட் கட்டும் ஒரு கம்பெனியின் என்ஜினீயர் ஸ்ரீகுமார் அவன் கைவேலையைக் கவனித்திருக்கிறார். இருபத்திரண்டு ஃபிளாட்டுகளின் தரையை நேராக அவனிடமே கொடுக்க அவருக்கு யோசனை. ஒரே நிபந்தனை.

"நீ ஒத்தைக்குப் போட்ட தரை ஒண்ணு காட்டு. ஒரு மீனச்சூடு கண்டதாயிருக்கணும்."

மீனம் என்றால் பங்குனி. அந்த மாதத்து வெயிலைத் தாங்கிவிட்டால் எந்த வெயிலையும் தாங்கும் என்பது அவர் கணக்கு.

காட்ட ஒன்றும் இல்லாததால், தை மாதம் வலியசாலையில் எங்கள் வீட்டு மாடி அறையிலேயே போட்டான். பன்னிரண்டுக்குப் பத்தடி. ஒரு கடையில் கடைசியாக மிஞ்சியிருந்த தேக்குநிறப் பெட்டிகள். சுவரோரம் நான்கு பக்கமும் சுண்டுவிரல் அகலம் இடைவெளி விட்டிருந்தான். அதை மூடுகிற பட்டிப்பலகை வந்துசேரவில்லை. "வந்ததும் வெச்சிரலாம்க்கா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியோடு கொல்லத்து வேலைக்குப் போனான். இடைவெளி எதற்கென்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாசியில் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்கலுக்கு நாகர்கோவிலிலிருந்து மாடம்மாள் சித்தி வந்தாள். வருடாவருடம் எங்கள் மாடி அறையில்தான் தங்குவாள்.

"தரை பளபளன்னுதான் இருக்கு. சுவரோரம் என்னட்டி, பல்லிடுக்கு மாதிரி சந்து?"

"பட்டிப்பலகை வந்தா மூடிரும் சித்தி."

"மூடினா? உள்ளே கரப்பான் குடித்தனம் நடத்தும். பேசாம, உன் தம்பிக்கு அளக்கத் தெரியலன்னு சொல்லு. பலகை எட்டல."

கரப்பான் பேச்சைப் பொறுத்துக்கொள்வேன். அளவு தப்பினான் என்ற பேச்சு எனக்குத் தைத்துவிட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இருபத்தேழு வருடமாக ரவிக்கை தைக்கிறேன். ஓரம் மடித்து அடிக்காத துணி முடிந்த துணியாகாது என்பது எனக்குத் தெரிந்த பாடம். சித்தி ஊருக்குப் போனதும் வெள்ளைச் சிமெண்ட் வாங்கிக் குழைத்தேன். சாப்பாட்டுக் கத்தியால் இரண்டு நாள் முட்டிபோட்டு, நான்கு சுவரோரமும் இடைவெளி இல்லாமல் அடைத்தேன். ஈரத்துணியால் வழித்துவிட்டேன். நூல் பிடித்ததுபோல் வந்தது. பட்டிப்பலகை வந்தபோது அதையும் நானே சுவரில் ஒட்டினேன்.

லீவில் வந்த தம்பி மூலையில் குனிந்து பார்த்தான்.

"இந்த மூலைவெட்டு ஆரு, அக்கா?"

"நாந்தான்."

"மேஸ்திரி கண்டா உன்ன வேலைக்கு விளிப்பாரு, கேட்டியா."

சிரித்தோம். சிமெண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. மறைத்ததல்ல, தையலின் உள்பக்கத்தை யாரும் விரித்துக் காட்டுவதில்லை.

ஸ்ரீகுமார் சனிக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. பங்குனி முடியப் பத்து நாள் இருந்தது. புதன் மத்தியானம் துணி காயப்போட மாடிக்குப் போனேன். மேற்கு ஜன்னல் வெயில் அறைக்குள் பாதிதூரம் வந்திருந்தது. நடுத்தரை பப்படம் பொங்கியதுபோல் மேலே எழும்பி நின்றது. மிதித்தால் அங்கே அமுங்கி வேறிடத்தில் 'டக்' என்று எழுந்தது.

போன் செய்ததும் தம்பி கொல்லத்திலிருந்து வந்துவிட்டான். அடியில் ஈரம் உண்டா என்று பார்த்தான். இல்லை. பீரோவின் கனம் பிடித்து வைத்திருக்கிறதா என்று நகர்த்திப் பார்த்தான். இல்லை. பிறகு மெல்லிய தகட்டைச் செருகிப் பட்டிப்பலகையைப் பெயர்த்தான். என் வெள்ளைச் சிமெண்ட் நேர்க்கோடாகத் தெரிந்தது.

"இது எப்போ?"

"ஆற்றுகால் பொங்கலுக்குப் பிறகு. கரப்பான் வரும்னு சித்தி..."

"ம்."

"தப்பாடா?"

"சூடு பட்டா பலகை நீளும் அக்கா. நீளுறதுக்கு விட்ட இடம் அது."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வியாழன் முழுக்க உளியால் கொத்தினான். மேற்குச் சுவரோரம் விட்டுக்கொடுத்ததும் தரை ஒரு பெருமூச்சோடு இறங்கியது. ஆனால் நடுவில் பதினோரு பலகைகளின் நாக்கு ஒடிந்திருந்தது. கையில் மிச்சம் இரண்டு. வெள்ளிக்கிழமை சாலைக் கடைத்தெருவிலிருந்து தம்பானூர் வரை கடைகடையாக ஏறி இறங்கினான். அந்த நிறம் நிறுத்திவிட்டார்களாம். சாயங்காலம் ஒடிந்த நாக்குகளைப் பசையிட்டு ஒட்டி, மேலே என் தையல் மெஷினைத் தூக்கிவைத்தான். "பாக்க சரியா இருக்கும், மிதிச்சா நிக்காது" என்றான்.

சனிக்கிழமை ஸ்ரீகுமார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தார். நடுவில் நின்று குதிகாலால் அழுத்தினார். 'டக்.' நகர்ந்து மறுபடி அழுத்தினார். 'டக்.' தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னால் அடக்க முடியவில்லை.

"சாரே, அவன் சரியாத்தான் போட்டான். சந்துல சிமெண்ட் வெச்சது நான். குற்றம் எனக்குத்தான்."

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சேச்சி சொல்றது மனசிலாச்சு. பக்ஷே எல்லா ஃபிளாட்டிலும் ஒரு சேச்சி உண்டு. ஒருத்தி சிமெண்ட் வெப்பா. ஒருத்தி பக்கெட்டு பக்கெட்டா வெள்ளம் ஊத்தி அலம்புவா. ஒருத்தி தரையோட சேர்த்து அலமாரிக்கு ஆணி அடிப்பா. தரை போடுறவன்தான் சொல்லிக்கொடுத்துட்டுப் போகணும். சொந்த சேச்சிகிட்ட சொல்லாதவன் இருபத்திரண்டு வீட்டில் சொல்வானோ?"

பிறகு தம்பியின் தோளைத் தொட்டார். "பணி நன்னாயிட்டுண்டு பூதலிங்கம். அதில்ல பிரச்சினை."

டீயைப் பாதி குடித்துவிட்டுப் போனார்.

"வாயைத் திறந்து ஒண்ணு சொல்லக்கூடாதாடா?" என்றேன்.

"அவரு சொன்னதுல என்ன தப்பு?" என்றான்.

திங்களன்று மேஸ்திரியிடமே திரும்பிப் போனான். தனியாகப் போகப்போகிறேன் என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தவன். மேஸ்திரி உளியை எடுத்துக் கையில் கொடுத்தாராம். அடுத்த மாதம் அந்த இருபத்திரண்டு ஃபிளாட் வேலை வேதமாணிக்கம் மேஸ்திரிக்கே கிடைத்தது. இப்போது பூதலிங்கம் அங்கேதான் முட்டிபோட்டுப் பலகை தட்டுகிறான்.

நேற்று ஆறாவது ஃபிளாட் முடிந்தது. வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டுத் தரை அழகாக இருக்கிறது என்றாளாம். சுவரோர இடைவெளியை அடைக்கக்கூடாது என்று அவளிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"அதெல்லாம் மேஸ்திரி சொல்ல வேண்டியது அக்கா," என்று சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "நான் ஆரு சொல்றதுக்கு?"