அனுராதா டீச்சர் விட்டுக்கொடுத்த விமானம்

1997 டிசம்பரில், பூமி சூடாகிக்கொண்டே போவதைப் பற்றி உலக நாடுகள் கியோட்டோவில் கூடிப் பேசிக்கொண்டிருந்தன. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அந்தச் செய்தியைப் படித்த குற்றாலலிங்கம் சார் பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

"வருஷா வருஷம் கூடிக் கூடிப் பேசுதானுவ. பேசி யாருக்கு வே சோறு கிடைச்சிருக்கு?"

"எனக்குக் கிடைச்சிருக்கு சார்" என்றார் அனுராதா டீச்சர்.

திருநெல்வேலி டவுண் மேல ரதவீதிக்காரர், பூகோளம் நடத்துபவர். குவைத்தில் இருந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அன்று மதியம்தான் சொன்னார்.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கே ஒரு இந்தியப் பள்ளியில் அவர் ஆசிரியை. கணவர் சிவசண்முகம் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். நான்கு வயது மகள் விஜயஸ்ரீயோடு டீச்சர் மட்டும் அங்கே மாட்டிக்கொண்டார். கிடைத்த பஸ்ஸில் ஏறி, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்கு வந்து சேர்ந்தார். ஈராக்குக்கும் ஜோர்டானுக்கும் நடுவே வெறும் மணல்வெளி; அதில் கூடாரங்கள். தண்ணீர் லாரி வந்தால் வலுத்தவனுக்குத்தான் தண்ணீர்.

அந்த முகாமுக்கு ஐ.நா. அதிகாரி ஒருவர் வந்தார். நரைத்த கிராப்பு வைத்த அம்மாள். எல்லோரும் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். விமானங்களுக்கு இன்னும் அனுமதி வரவில்லை, பேசிவிட்டு நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றார். மறுநாள் வந்து, இன்றும் கிடைக்கவில்லை என்றார். கூட்டம் ஏசியது. ஆனால் 'இல்லை' என்று சொல்வதற்காக வெயிலில் திரும்பி வந்தாரே என்று டீச்சருக்கு அவர்மேல் நம்பிக்கை விழுந்தது.

அனுமதி ஒருவழியாகக் கிடைத்தது. தண்ணீர் லாரிகளும் கூடின. இந்தியர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக பஸ்கள் வந்தன. டீச்சரும் மகளும் ஏற இருந்த நேரத்தில் அந்த அம்மாள் அவரைத் தனியே அழைத்தார்.

முகாமின் ஓரத்தில் இலங்கைத் தமிழ்ப் பெண்கள் சிலர் இருந்தார்கள். வீட்டு வேலைக்கு வந்தவர்கள். பாஸ்போர்ட்டுகளை முதலாளிகள் வாங்கி வைத்திருந்ததால் கையில் ஒரு காகிதமும் இல்லை. "எங்கள் நாட்டுக்காரர்கள்தான் என்று அவர்கள் தூதரகம் சொன்னால் ஜோர்டான் உள்ளே விடும். நான் தலைநகர் அம்மானுக்குப் போய்த் தூதரக ஆளைக் கூட்டி வருகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நீங்கள் இருக்க முடியுமா?" என்றார்.

மகள் விஜிக்கு வயிற்றுப்போக்கு. டீச்சர் பஸ்ஸைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு பையை இறக்கச் சொன்னார்.

சில நாள் கழித்துத்தான் தூதரக அதிகாரி வந்தார். சிங்களவர். காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். யோகேஸ்வரி என்ற பெண்ணிடம் ஊரைக் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. அந்த ஜூனில்தான் இலங்கையின் கிழக்கில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி சண்டை மூண்டிருந்தது; அந்தப் பக்கத்து ஊர்ப் பெயரே சந்தேகத்தைக் கிளப்பும்.

"மட்டக்களப்பு" என்று டீச்சரின் காதுக்குள் சொன்னாள். "சொன்னா விடுவாங்களோ அக்கா?"

அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வதென்று டீச்சர் தயங்கி நின்றார். அதிகாரி இருவர் முகத்தையும் பார்த்தார். அவர் பேனா நின்றது.

"ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலங்கை என்று போட்டுக்கொள்கிறேன்."

மற்றவர்களிடமும் அவர் ஊரைக் கேட்கவில்லை. சாயங்காலம் அத்தனை பேரும் எல்லையைக் கடந்தார்கள்.

டீச்சரும் விஜியும் பிறகு கிடைத்த விமானத்தில் இந்தியா வந்து ரயிலில் ஊர் சேர்ந்தபோது, திருநெல்வேலி ஜங்ஷனில் சிவசண்முகம் நின்றிருந்தார். டீச்சர் விட்ட விமானத்தில் வந்தவர்கள் வழியாக அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளை இந்தக் கோலத்துல கெடக்கு. யாரோ எவரோன்னு விட்டுட்டு ஏறிருக்கலாம்லா?"

"ஏறிருக்கலாம். அவங்களுக்காகப் பேச அங்கன வேற ஆளு இல்ல."

அவர் மகளோடு முன்னே நடந்தார். வீட்டுக்கு வந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவுக கோவத்துலயும் நியாயம் இருந்துச்சு சார். பிள்ளை பாதியா இளைச்சுப் போயிருந்தா" என்றார் டீச்சர். "அவ தேறி ஓடியாட ஆரம்பிச்ச பெறகு, ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில அவுக, 'அந்தப் பொம்பளைங்க வீடு போய்ச் சேந்தாங்களா?'ன்னு கேட்டாக. தெரியலைன்னேன். 'சேந்திருப்பாங்க'ன்னு சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தச் சொன்னாக."