நாலு கதவும் ஒரிஜினல்

கார் சீட் கடையில் வேலை பார்ப்பவனின் முதுகைத்தான் ஊர் பார்க்கும். அவன் முகம் எந்நேரமும் ஏதாவது ஒரு கதவுக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டை ஒட்டிய ஒரு கடையில் இரண்டு வருடம் அப்படி முதுகு காட்டி வாழ்ந்தவன் நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. வேதியியல். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று சேர்ந்தேன். படித்தது ஒன்று, பார்த்தது ஒன்று என்று தவித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பக்கத்தில் வந்து உட்காரலாம். இடம் நிறைய இருக்கிறது.

நான் இல்லாதபோது வந்த கார்

இந்த முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. முதலாளி சொல்லித்தான் தெரியும். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வேலைக்கான பரீட்சை எழுத மதுரைக்குப் போயிருந்த அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாசிலாமணி என்பவர் ஒரு பழைய சீமைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தாராம். அங்கே ஒரு டாக்டரிடம் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர். டாக்டர் இறந்த பிறகு அவருடைய மனைவி பெங்களூரில் மகனோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது காரை மாசிலாமணிக்கே கொடுத்துவிட்டார். அந்த அம்மா எட்டு வருடம் கழித்துத் தை மாதம் ஊருக்கு வருகிறார். ‘கார் நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது, எதையும் மாற்றவில்லை’ என்று மாசிலாமணி கடிதம் எழுதிவிட்டார்.

ஆனால் மழைத் தண்ணீர் இறங்கி, கதவுகளின் உள்பக்க அட்டைகள் ஊறி வளைந்துவிட்டன. அட்டையின் மேல் ஒட்டியிருந்த ரெக்சின் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி புது ரெக்சின் ரோல்களை வரிசையாக எடுத்துப் போட்டிருக்கிறார். மாசிலாமணி ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. “புதுசு போடுறதுன்னா எந்தக் கடையிலயும் போட்டுருவேன். நாலு கதவும் ஒரிஜினல். இந்தத் தோலையே எடுத்து, இதையே திரும்பப் போட்டுத் தாங்க.”

பி.எஸ்ஸி.க்கு வந்த வேலை

புதுத் தோல் போட அரை நாள் போதும். பழைய தோலைக் கிழியாமல் உரித்து, கழுவி, புது அட்டையில் திரும்ப ஏற்ற ஒரு கதவுக்கு ஒரு வாரம் ஆகும். கடையில் யாரும் கை வைக்க வரவில்லை. மெஷினில் சீட் உறை தைக்கும் சவரிமுத்து அண்ணன்தான், வேதியியல் படித்தவனிடம் கொடுக்கலாமே என்று எடுத்துக்கொடுத்தது. காரைப் பின்பக்கக் கொட்டகையில் நிறுத்தினார்கள். நானும் அதோடு பின்பக்கம் போனேன்.

காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவேன். மத்தியானச் சோற்றையும் அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றி, அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, எது எந்த ஓட்டையில் இருந்தது என்று நோட்டில் படம் போட்டு எண் கொடுத்தேன். தப்பு நடந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். திறமை என்று யாரும் நினைக்க வேண்டாம். சவரிமுத்து அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்தார். “ஏலே பி.எஸ்ஸி., கதவக் கழத்துதியா, இல்ல கதவுக்குப் பரீட்ச எழுதுதியா?”

மம்சாபுரத்து வேன்

நடுவில் ஒருநாள் முதலாளி வெளியே போயிருந்ததால் என்னை முன்பக்கம் நிற்கச் சொன்னார்கள். மம்சாபுரத்திலிருந்து ஒரு வேன்காரர் வந்தார். அய்யனார் கோவிலுக்கு டிரிப் அடிக்கிறவர். அங்கே அருவியில் குளித்தவர்கள் ஈரத்தோடு ஏறி உட்காருகிறார்கள், சீட் நாறுகிறது, அதனால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு வெல்வெட் போட வேண்டும் என்றார். வெல்வெட் தண்ணீரைக் குடிக்கும், இதைவிட மோசமாக நாறும், அதனால் வேண்டாம் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் போய்விட்டார். மறுநாள் முதலாளியைத் தேடி வந்து, என்னைக் காட்டிக் கேட்டார்: “ஒங்க கடையில விக்கிறதுக்கு ஆள் வச்சிருக்கீகளா, வேண்டாம்னு சொல்றதுக்கு ஆள் வச்சிருக்கீகளா?”

மறுபடி கொட்டகைக்கே அனுப்பப்பட்டேன்.

கதவுக்குள் கிடந்தவை

மாசிலாமணி அண்ணாச்சி ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்துவிடுவார். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். குறை சொல்ல மாட்டார், யோசனையும் சொல்ல மாட்டார். ஒரு கதவின் அட்டையைக் கழற்றியபோது, கண்ணாடி இறங்கும் சந்து வழியாக எந்தக் காலத்திலோ உள்ளே விழுந்தவை அடியில் கிடந்தன. இரண்டு கொண்டை ஊசி, ஒரு தெர்மாமீட்டர் மூடி, துருப்பிடித்த சின்னச் சாவி. எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

அந்த நாட்களில் எனக்குப் பேச்சுத் துணை என்று யாரும் இல்லை. கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் மெட்ராஸ் போய்விட்டார்கள். மீதிப்பேரைக் கண்டால் நானே வேறு தெருவில் திரும்பிவிடுவேன். பேசாமல் பக்கத்தில் இருக்கிற இந்த மனிதர் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தார். எதற்கு அண்ணாச்சி இவ்வளவு தூரம் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனைவி இல்லை, மகன் திருப்பூரில் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “வீட்டுல தனியாப் பேசாம இருக்கேன். இங்க வந்தா ரெண்டு பேராப் பேசாம இருக்கலாம்லா.”

அப்பாவின் பதில்

அப்பா நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார். மகாராஜபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், பையன் பட்டம் வாங்கிவிட்டு என்ன செய்கிறான் என்று கேட்டார். நான் அடுப்படியில் நின்று விரலில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது எனக்கும் கேட்டது: “கெமிஸ்ட்ரிதான படிச்சான்? நாள் பூரா கெமிக்கலோடதான் கெடக்கான்.”

நாலாவது கதவு

மூன்று கதவுகள் நன்றாக முடிந்தன. சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், இளவெயிலில் காயவைத்துத் தோல் இளகியதும் இழுத்து ஒட்டுவது. அவ்வளவுதான் வித்தை. நாலாவது, பின்பக்கத்து இடது கதவு. டாக்டர் வீட்டு அம்மா எப்போதும் உட்காரும் பக்கம். கை வைக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கறை. சோப்புக்குப் போகவில்லை. மூன்று நாள் தேய்த்தேன். நாலாவது நாள் எனக்குப் படிப்பு ஞாபகம் வந்தது. பெயிண்ட் கரைக்கும் தின்னரில் இன்னொன்றைக் கலந்து, பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். கறை போய்விட்டது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் தோல் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. மடக்கியதும் குறுக்கே வெடித்தது. ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்தைத் தின்னர் கரைத்து எடுத்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். சவரிமுத்து அண்ணன் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, திட்டக்கூட இல்லை. “படிக்காத எவன்ட்டயாவது குடுத்திருந்தா, கறையோடயாவது இருந்திருக்கும்லே.”

சொன்ன நாள்

முதலாளியிடம் அன்றே சொல்லிவிட்டேன். அதே மாதிரி பழைய தோல் எங்கேயும் கிடைக்காது. தை பிறக்கப் பத்து நாள் இருந்தது. மாசிலாமணி வரட்டும், அவரிடம் நீயே சொல், சொல்லிவிட்டு அதோடு கடைக்கு வராதே என்றார் முதலாளி. அவர் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். முதலாளியும் சவரிமுத்து அண்ணனும் பக்கத்தில் நிற்க, வெடித்த தோலை அவர் முன்னால் விரித்துப் போட்டு, நான் செய்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் குனிந்து வெடிப்பைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. எழுந்ததும் என்னைப் பார்க்காமல் முதலாளியிடம்தான் பேசினார். “இந்தக் கதவு ஒரிஜினல் இல்ல மொதலாளி. எப்பவோ நான் கெடுத்து, அய்யாவுக்குத் தெரியாம மதுரையில மாத்துனது. வாய்க்கு வந்தபடி நாலும்னு சொல்லிட்டேன். தம்பியை ஒண்ணும் சொல்லாதீக.”

அம்மா வந்தது

ஏறக்குறைய அதே நிறத்தில் புது ரெக்சின் எடுத்து, பழையதில் அழுத்தியிருந்த கோடுகளைச் சவரிமுத்து அண்ணன் தையலாகவே போட்டுக் கொடுத்தார். என் வேலை போகவில்லை. தை மாதம் ஒரு காலையில் கார் கடை வாசலில் வந்து நின்றது. வேலை செய்தவரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் வீட்டு அம்மாவே சொல்லி வந்திருந்தார். பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். மாசிலாமணி அண்ணாச்சி இறங்கி, துடைத்த முன்கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கதவின் மேல் கையை வைத்தபடி என்னிடம் மெதுவாகப் பேசினார். “வேல நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்தக் கதவ மாசிலாமணி எப்பவோ கெடுத்து மாத்திட்டாராம், நேத்துத்தான் சொன்னாரு. வருஷக்கணக்கா நான் சாஞ்சு உக்காந்த கதவு, எனக்கே தெரியல பாருங்க. அவரு எங்கிட்ட மறைப்பாருன்னு நான் நெனைக்கல.”

பரண் மேல் இருந்தது

தின்னர் விஷயத்தைச் சொல்லாமல் தலையாட்டி வைத்தேன். அண்ணாச்சி சொன்னதை அதுவரை நானும் நம்பித்தான் இருந்தேன். ஆனால் ‘எனக்கே தெரியல’ என்று அந்த அம்மா சொன்னது மனதில் முள்ளாகக் கிடந்தது. ஒரு வாரம் கழித்துக் கொட்டகைப் பரணிலிருந்து அந்த வெடித்த தோலை இறக்கினேன். மற்ற மூன்று கதவுகளிலும் பிய்ந்த ஓரங்களை வெட்டிய துண்டுகள் என்னிடம் இருந்தன. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துத் துணியைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரு விரற்கடைக்கு ஒரு நீல நூல் ஓடியது. நாலாவதிலும் ஓடியது. கடையிலிருந்த எந்த ரோலிலும் அந்த நூல் இல்லை. மதுரையில் பல வருடம் தைத்த சவரிமுத்து அண்ணனிடம் காட்டினேன். “இந்தத் துணி நம்ம பக்கம் வந்ததே இல்லலே. இது காரோட கப்பல்ல வந்தது.”

அதற்குள் அந்த அம்மா பெங்களூருக்குத் திரும்பியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் கேட்டேன். அண்ணாச்சி காரைப் பூட்டிவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார் என்றார்கள்.

ஆக, கெடுத்தவனுக்கு ‘வேலை நல்லாத்தான் இருக்கு’ என்ற சான்றிதழும், கெடுக்காதவருக்கு ‘மறைத்தவர்’ என்ற பெயரும் கிடைத்த அந்தக் கணக்கில், என் பட்டப்படிப்பு உருப்படியாக நிரூபித்தது அந்த நீல நூல் ஒன்றைத்தான்.