அரிதட்டில் விழாத உண்ணி

தேனீக்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை என்றால், முதலில் சோதிக்கப்படுவது நம்முடைய பொறுமைதான். செய்கிற வேலையை ஊராருக்கு விளங்கப்படுத்தியே வாய் உளைந்தவர்களே, இது உங்களுக்கு.

என்ன வேலை?

பாரிஸின் லா சப்பலில் நான் சாமான் வாங்கும் கடைக்கார அண்ணைக்குப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். தேனீயின் உடம்பில் செம்மண் நிற உண்ணி ஒட்டும். பெருகினால் குளிர் முடிவதற்குள் கூடே அழிந்துபோகும். முன்பு தேனீக்களைக் கொன்றுதான் உண்ணியை எண்ணினோம். இப்போது அரைக் கோப்பைத் தேனீக்களைப் போத்தலில் விட்டு, மாப்போன்ற ஐசிங் சீனி தூவி உருட்டி, வலைமூடி வழியாகக் குலுக்குகிறோம். சீனியோடு உண்ணி கொட்டும். தேனீ உயிரோடு கூட்டுக்குத் திரும்பும்.

முழுவதும் கேட்டவர், சீனிப் பைக்கற்றை நீட்டியபடி சொன்னார்: "அப்ப நீ பூச்சிக்குப் பவுடர் போடுற ஆள். அதைச் சொல்ல என்ன தம்பி வெக்கம்?"

பூச்சியம்

யோகன் அண்ணை உணவகமொன்றில் பாத்திரம் கழுவுகிறவர். பாரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் சின்னத் தோட்டத்துண்டு எடுத்து, ஒரேயொரு தேனீப்பெட்டி வைத்திருக்கிறார். வன்னியிலிருந்து வந்தபிறகு தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது அதுதான். ஓகஸ்ட் கடைசியில் அதைச் சோதிக்கப் போனேன். பையைத் திறந்தால் வலைமூடி இல்லை, ஆய்வுகூடத்தில் மறந்துவிட்டேன். அண்ணை வீட்டுக்கு ஓடிப்போய் மா அரிக்கிற அரிதட்டைக் கொண்டுவந்தார்.

போத்தல் வாயில் அதைப் பிடித்துக் குலுக்கினேன். வெள்ளைத் தட்டில் சீனி மட்டும். பூச்சியம் என்று எழுதினேன்; மருந்து வேண்டாம் என்றேன்.

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியே, என்ரை பிள்ளையளுக்கு ஒரு நோய் வருத்தமுமில்லை!"

சரியான முடிவு

அந்த அரிதட்டை மறதியில் என் பையோடு கொண்டுவந்திருந்தேன். மறுநாள், ஆய்வுகூடத்தில் இருந்த பழைய உண்ணியொன்றை அதில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். விழவில்லை. மாவுக்கான சின்னக் கண், மா அளவு சீனிதான் விழும். உண்ணியெல்லாம் தேனீக்களோடு திரும்பக் கூட்டுக்குள் போயிருக்கும்.

பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது. பெட்டி மட்டும் குளிரில் செத்திருக்கும். என் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. மதாமிடம், அதாவது எங்கள் பொறுப்பாளரிடம், சொன்னேன். அரிதட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மூன்று மாதமாக உன்னைச் சோதிக்கிறேன், இன்றைக்குத்தான் முடிவு சரியாக வந்திருக்கிறது. இன்னும் ஏன் நிற்கிறாய்? ரயிலைப் பிடி!"

பதினேழு

இந்தமுறை வலைமூடியோடும் அண்ணையின் அரிதட்டோடும் போனேன். பதினேழு உண்ணி விழுந்தன; மருந்து வைக்கவேண்டிய அளவைத் தாண்டிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன். அவர் குனிந்து தட்டிலிருந்த உண்ணிகளைத் தானும் ஒருமுறை எண்ணினார். பிறகு, "மருந்தை எப்ப வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கிழமையே வைத்தோம்.

குளிர் போனது, பெட்டி இரைந்தது. அடுத்த கோடையில் ஒரு போத்தல் தேனை என் கையில் வைத்து அழுத்தினார்.

"அதே அரிதட்டிலைதான் வடிச்சனான், பயப்பிடாமல் குடி. அதாலை உண்ணி விழாதெண்டு நீதானே கண்டுபிடிச்சனி!"

இப்போதெல்லாம் யாராவது என்ன வேலை என்று கேட்டால், பூச்சிக்குப் பவுடர் போடுகிறேன் என்று நானே முந்திக்கொள்கிறேன். பிழை விட்ட பிறகும் பூச்சியும் பிழைத்து நானும் பிழைத்த தொழிலுக்கு வேறென்ன பெயர் வேண்டும்?