கண்ணாடிக்குள் இருக்கும் விளக்குக் கரி

ஹொல்ம்லியாவில் ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு பழைய மரவீடு இருக்கிறது. ஒஸ்லோவுக்கு முதலில் வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் எட்டுப் பேர் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகப் படுத்து எழும்பிய வீடு. இப்போது அதை எங்கள் தமிழ்ச் சங்கம் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. போன மாதம் என் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர்கள் சமைத்த குசினிச் சுவரில், சாமி விளக்கு வைத்த சின்னப் பலகைக்கு மேலே, இரண்டு சாண் உயரத்துக்கு ஒரு கரி அடையாளம். அதற்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். விளக்கம் சொல்லும் தம்பி, "அந்தக் காலத்திலை இஞ்சை கற்பூரமும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. பொரிக்கிற எண்ணெயிலைதான் விளக்கெரிச்சவை. எட்டுப் பேரிலை ஆர் கடைசியா வேலையாலை வாறாரோ, அவர் விளக்கு வைக்க வேணும். அந்தக் கரிதான் இது" என்றார். கூட வந்த ஒரு அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கும்பிடாமல் நிற்கவும் முடியவில்லை, கும்பிடக் கூச்சமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்தக் கரி அவர்கள் பிடித்தது இல்லை. ஒன்பது வயதில் நான் பிடித்தது.

பெரியப்பா இருக்கும்வரை இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் இந்த வருடம் தைப்பூசத்துக்கு முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரியப்பா அந்த எட்டுப் பேரில் ஒருவர். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது வீடு நகரசபையின் கையில் பூட்டிக் கிடந்தது. இடித்துவிட்டு வேறு கட்டடம் கட்டப்போகிறார்கள் என்று கதை வந்தது. வீட்டைத் தாருங்கள், நாங்கள் பாதுகாக்கிறோம் என்று பெரியப்பாவும் சங்கத்தாரும் எழுதிப் போட்டார்கள். இப்படி மரவீடுகள் எத்தனையோ இருக்கின்றன, தமிழர் இருந்ததற்கு இந்த வீட்டில் என்ன அடையாளம் இருக்கிறது என்று பதில் வந்தது. விளக்குக் கரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று பெரியப்பா எழுதினார். ஒரு பெண் அதிகாரி வந்து பார்ப்பதாக நாளும் குறித்தார்கள்.

இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் ஆண்களின் கூட்டத்தில் நடந்தது. பெண்களுக்கு வந்து சேர்ந்த செய்தி இவ்வளவுதான்: "பெரிய ஆக்கள் வருகினம், வீட்டை ஒருக்காக் கூட்டி விடுங்கோ."

அது இலையுதிர்கால விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லாததால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சித்தியும் வந்தார். கூட்டச் சொன்னால் கூட்டுவதோடு நிற்கிற ஆட்கள் இல்லை அவர்கள். குசினிக்குள் நுழைந்ததும் அம்மா வாயில் கை வைத்தார்.

"எடியே, சாமி இருந்த இடத்தைப் பார். எட்டு ஆம்பிளையள் இருந்த வீடெண்டு எழுதி ஒட்டத் தேவையில்லை."

"அதிலை இவளின்ரை பெரியப்பாவும் ஒராள். பாத்துக் கதை அக்கா" என்று சித்தி சிரித்தார்.

அம்மா வீட்டிலிருந்து ஒரு முருகன் படம் கொண்டு வந்திருந்தார். ஊத்தைச் சுவரில் எப்படிச் சாமியை வைப்பது? மூன்று பேருமாகச் சவர்க்காரத் தண்ணீர், தேசிக்காய்ப் புளி, பிறகு மஞ்சள் தண்ணீர் என்று ஒரு மணித்தியாலம் உரஞ்சினோம். நான் கதிரையில் ஏறி நின்று மேல் பக்கம் தேய்த்தேன். சுவர் வெளுத்தது. அம்மா படத்தைப் பலகையில் வைத்துத் திருநீறு பூசி, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றார்.

பெரியப்பா வேலை உடுப்போடேயே வந்தார். குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, இதிலை ஒரு கரி இருந்ததெல்லோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஓம், சரியான ஊத்தை. நல்லா உரஞ்சிப் போட்டம்."

"அதைப் பாக்கத்தான் அந்த மனிசி வருகுது."

அம்மா கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். சித்திதான், "விளக்கைக் கொளுத்தி வைச்சால் திரும்பப் பிடிக்காதோ?" என்று கேட்டார்.

"அது பிடிக்க ஆறு வருசம் எடுத்தது" என்றார் பெரியப்பா. ஏசவில்லை. அதிகாரியைக் கூட்டி வர நிலையத்துக்கு இறங்கி நடந்தார். அம்மாவும் சித்தியும் முகம் காட்ட வெட்கப்பட்டு, முற்றத்து இலைகளைக் கூட்டப் போனார்கள். குசினியில் நான் மட்டும்.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் அம்மா கற்பூரம் கொளுத்துமுன், புகைக்குக் கத்தும் பெட்டியை அப்பா கழற்றி வைப்பார். கற்பூரம் எப்படிக் கரி பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டுப் பெட்டி எப்போதோ செத்துவிட்டது. அம்மாவின் பையில் கற்பூரமும் நெருப்புப் பெட்டியும் இருந்தன. முருகனை இறக்கி, பார்க்காமல் இருக்கட்டும் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கீழே வைத்தேன். கரண்டியில் கற்பூரத்தைக் கொளுத்தி, தேய்த்த இடத்தில் மங்கலாகத் தெரிந்த கோட்டோடு மெல்ல மெல்லப் பிடித்தேன். ஆறு வருடக் கரி பத்து நிமிடத்தில் பிடித்தது. ஓரங்களை விரலால் இழுத்துச் சரிப்படுத்தினேன்; விரலெல்லாம் கறுப்பு. வெளியே ஆட்களின் குரல் கேட்டதும் கரண்டியைத் தண்ணீரில் நனைத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அதிகாரி வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பெரியப்பா முதலில் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். திரும்பியிருந்த முருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படத்தை எடுத்து நேராக வைத்தார். பிறகு போய் இரண்டு யன்னல்களையும் அகலத் திறந்தார். வெளியே மழையும் குளிரும்.

"பிள்ளை, கையுறையைப் போடு."

"வீட்டுக்குள்ளையோ பெரியப்பா?"

"ஓம். குளிருது. போடு."

போட்டேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கரியை நெடுநேரம் பார்த்தார். பெரியப்பா பொரிக்கிற எண்ணெயின் கதையையும் கடைசியாக வருகிறவர் விளக்கு வைக்கும் கதையையும் நோர்வே மொழியில் சொன்னார். 'அந்தக் கரி இது' என்று அவர் ஒருதரமும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வீடு கிடைத்தது. அன்று அதிகாரி போனபின் உள்ளே வந்து சுவரைக் கண்ட அம்மா, "முருகா" என்று மட்டும் சொன்னார். அது அற்புதம் என்றுதான் இன்றுவரை நம்புகிறார். கற்பூர வாசம்கூட வந்தது என்று கோயிலில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இதை வாசித்தால் என்னை மன்னிக்க வேணும்.

அன்று ரயிலில் வீட்டுக்கு வரும்வரை நான் கையுறையைக் கழற்றவில்லை. பெரியப்பா பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் செய்தது ஒருவருக்கும் தெரியாது என்று சந்தோஷமாக இருந்தது. யன்னலைத் திறந்துவிட்டவரே குளிருது என்கிறாரே, வயது போனால் புழுக்கமும் குளிரும் ஒரே நேரத்தில் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.